நடுவர் இருக்கையை நிரப்புவது யார்?

வாய்க்கால் வழக்கில் இரு வயற்காரருள் ஒருவரையே நடுவராக்கித் தீர்ப்புக் கேட்கும் ஊர் உலகில் இல்லை. எழுத்தறியாத உழவனும் அறிந்த நெறி இது. வழக்குடையவன் எவனும் நடுவனாகான். தோற்றவன் நடுவனாயின் தன் குற்றத்தை மறைப்பான்; வென்றவன் நடுவனாயின் தன் பகையைத் தீர்ப்பான். இரண்டிலும் உண்மை சாகும்.

இந்த எளிய நெறி, ஒரு நாட்டின் வைப்பகங்கள் (மக்கள் வங்கி என்று வழங்குபவை) ஒருசேரச் சரிந்து, அவற்றின் கடன் முழுதும் குடிமக்கள் தோளில் ஏற்றப்பட்டு, நாடாளுமன்றம் அதனை உசாவப் புகும் வேளையில் மட்டும் மறக்கப்படுகின்றது. மறக்கப்படுகின்றது என்பதினும் மறைக்கப்படுகின்றது என்பதே பொருந்தும். அயர்லாந்து நாட்டில் 2008 முதல் 2016 வரை நிகழ்ந்தவற்றை நிரல்பட நோக்குவார்க்கு இவ்வுண்மை தெற்றென விளங்கும்.

2008 செப்டம்பர் 29-ஆம் நாள் இரவு தப்ளின் நகரில் தலைமையமைச்சர் பிரையன் கவனும் பொருளமைச்சர் பிரையன் இலெனிகனும் அலுவலர் சிலரும் கூடினர். நிலத்தின் விலையும் வீட்டின் விலையும் ஏறிக்கொண்டே போகும் என நம்பி, அயல்நாடுகளில் குறுங்காலக் கடன் வாங்கிக் கட்டட வணிகர்க்கு வாரி வழங்கிய வைப்பகங்கள் அன்று மூச்சுத் திணறிக் கிடந்தன. ஆங்கிலோ ஐரிசு வைப்பகத்தின் பணம் மடைதிறந்த வெள்ளம்போல் வெளியேறியது. பொழுது விடியுமுன் முடிவு எடுக்கப்பட்டது. ஆறு வைப்பகங்களின் வைப்புகளுக்கும் அவை பட்ட பெரும்பாலான கடன்களுக்கும் ஈராண்டுக் காலம் அரசே பிணை நிற்கும் என்பதே அம்முடிவு. அப்பிணையின் அளவு ஏறத்தாழ 44,000 கோடி யூரோ எனப்பட்டது. அந்நாட்டு மக்கள் தொகையோ ஏறத்தாழ 45 இலக்கம். தொட்டிற் குழந்தையையும் சேர்த்துத் தலைக்கு 95,000 யூரோவுக்கு மேற்பட்ட பிணை! உறங்கிக் கொண்டிருந்த மக்கள் விழித்தெழுந்தபோது, தாம் வாங்காத கடனுக்குப் பிணையாளராகி இருந்தனர்.

பின்னர் நடந்தவை உலகறிந்தவை. 2009 சனவரியில் ஆங்கிலோ ஐரிசு வைப்பகம் அரசுடைமை ஆயிற்று. 2010 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியமும் பன்னாட்டுப் பண நிதியமும் வகுத்த 8,500 கோடி யூரோத் திட்டத்தின் கீழ் அந்நாடு தலைகுனிந்தது. அத்தொகையிலும் 1,750 கோடி அயர்லாந்தின் சொந்தக் கைப்பொருள். அதிற் பெரும்பகுதி ஓய்வூதியத்திற்கெனச் சேர்த்து வைத்த சேமிப்பு. வைப்பகங்களைத் தூக்கி நிறுத்த அரசு கொட்டிய தொகை 6,400 கோடி யூரோ, தலைக்கு ஏறத்தாழ 14,000 யூரோ. 2007-இல் நூற்றுக்கு ஐவர்க்கும் குறைவாக இருந்த வேலையற்றோர், 2012-இல் ஏறத்தாழப் பதினைவர் ஆயினர். இளைஞர் கூட்டம் கூட்டமாகக் கப்பலும் வானூர்தியும் ஏறினர்.

இவ்வளவு இழந்த மக்கள் கேட்டவை மூன்றே வினாக்கள். அன்றிரவு முடிவெடுத்தவர் எவர் எவர்? எந்தக் கணக்கை நம்பி எடுத்தனர்? காவல் செய்ய அமர்த்தப்பட்டோர் ஏன் வாளாவிருந்தனர்? விலை கொடுத்தவன் பொருளின் கணக்கைக் கேட்பது இரத்தல் அன்று, உரிமை.

அறிக்கைகள் வராமல் இல்லை. நடுவண் வைப்பகத் தலைவர் பேட்ரிக்கு ஓனகனின் அறிக்கையும், அயல்நாட்டு வல்லுநர் இருவரின் அறிக்கையும் 2010-இல் வந்தன. பின்லாந்து நாட்டுப் பீட்டர் நைபெருக்கின் ஆய்வறிக்கை 2011-இல் வந்தது. அவை பொருளுடைய அறிக்கைகளே. ஆயினும் நைபெருக்கு ஆய்வு மூடிய கதவுக்குள் நடந்தது; தனியாள் எவர் பெயரையும் சுட்டவில்லை. நாடே ஏமாந்தது, வைப்பகங்கள் மந்தைபோல் ஒன்றன்பின் ஒன்று ஓடின என்பது அதன் சாரம். மந்தை ஓடிற்று என்பது மெய்யே. மந்தையை மேய்க்கக் கூலி பெற்றவர் எங்கே இருந்தார் என்பதன்றோ வினா!

ஆதலின், நாடாளுமன்றமே மக்கள் முன்னிலையில் வெளிப்படையாக உசாவ வேண்டும் என்னும் குரல் எழுந்தது. அதற்கு ஒரு தடை இருந்தது. 2000-ஆம் ஆண்டில் ஏபிலாரா என்னும் சிற்றூரில் ஓர் இளைஞர் காவலரால் சுடப்பட்டு இறந்தார். அதனை உசாவ நாடாளுமன்றத் துணைக்குழு ஒன்று புகுந்தபோது காவலர் முறைமன்றம் ஏறினர். நாடாளுமன்ற உறுப்பினர் அல்லாத ஒருவரின் நற்பெயரைக் கெடுக்கும் முடிவுகளைக் கூற நாடாளுமன்றத்திற்கு இயல்பான ஆற்றல் இல்லை என 2002-இல் உச்ச முறைமன்றம் தீர்ப்புரைத்தது. அந்நாட்டு அரசமைப்புச் சட்டம் குடிமகனின் நற்பெயரைக் காக்க வேண்டிய உரிமையாக எண்ணுகின்றது. குற்றஞ் சுமத்தப்படுவோன் தன் பக்கத்தை எடுத்துரைக்கவும், தன்னைச் சுட்டுவோரைக் குறுக்கு வினவவும், வழக்கறிஞர் துணை பெறவும் உரியவன் என்பது 1971 முதலே அங்கு நிலைபெற்ற தீர்ப்பு.

இத்தடையை நீக்குவதாகக் கூறி, 2011-இல் ஆட்சிக்கு வந்த புதிய கூட்டணி, அரசமைப்புச் சட்டத்தையே திருத்த முனைந்தது. பொதுநன்மை தொடர்பான எதனையும் நாடாளுமன்றம் உசாவலாம். எவர் நடத்தை பற்றியும் முடிவு கூறலாம். அதற்கு மேலும் ஒன்று: தனியாள் உரிமைக்கும் பொதுநலனுக்கும் இடையே எது தகுந்த அளவு என்பதை நாடாளுமன்றமே உறுதி செய்யும்! அஃதாவது, உசாவுவோரே தம் ஆற்றலின் எல்லையையும் வரைந்து கொள்வர். அரசுத் தலைமை வழக்கறிஞராக முன்னர்ப் பணியாற்றிய எண்மர் ஒன்றுகூடி இதனை எதிர்த்து மடல் எழுதினர். 2011 அக்டோபர் 27-ஆம் நாள் நடந்த பொதுவாக்கெடுப்பில் நூற்றுக்கு 53 பேர் வேண்டா என வாக்களித்தனர்.

அன்று சிலர், மக்கள் உண்மையை வேண்டா என்று தள்ளிவிட்டனர் எனப் புலம்பினர். அது மக்களைப் பழிக்கும் கூற்று. அதே நாளில், அதே வாக்குச் சாவடியில், நடுவர்களின் ஊதியத்தைக் குறைக்க வழிவிடும் வேறொரு திருத்தமும் வாக்குக்கு விடப்பட்டது. அதற்கு நூற்றுக்கு ஏறத்தாழ 80 பேர் இசைந்தனர். முறைமன்றத்தார் மீது கொண்ட பற்றினால் முதல் திருத்தத்தை அம்மக்கள் தள்ளவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? உயர்ந்தோர் ஊதியம் குறைக என்ற கை, ஆளுங்கட்சிப் பெரும்பான்மையின் கையில் எல்லையற்ற வாளைக் கொடுக்க மறுத்தது. உசாவலை மறுக்கவில்லை, நடுவுநிலை அற்ற உசாவலை மறுத்தது. இந்த வேறுபாட்டை வல்லுநர் பலர் அறியவில்லை. கடைத்தெருவில் காய்கறி வாங்கும் தாய் அறிந்திருந்தாள்.

மக்கள் அஞ்சியது வெற்றச்சம் அன்று என்பதை ஆட்சியாளரே மெய்ப்பித்துக் காட்டினர். 2013-இல் புதிய உசாவற் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. உசாவுக, பதிவு செய்க, அறிக்கை தருக. மறுப்புக்குரிய செய்தியில் பிறர் நற்பெயர்க்கு ஊறு தரும் முடிவு கூறற்க என்பது அதன் எல்லை. அதன்வழி 2014-இல் வைப்பக நெருக்கடி உசாவற் குழு அமைந்தது. ஒன்பதின்மர் கொண்ட குழுவில் கீழவையினர் எழுவர், மேலவையினர் இருவர். மேலவையின் தேர்வுக் குழு எதிர்க்கட்சியினர் ஒருவரையும் கட்சி சாராதார் ஒருவரையும் தேர்ந்தது. விளைவு: ஒன்பதின்மருள் ஆளுங் கூட்டணியினர் நால்வரே. எந்தப் பக்கமும் சாயாத ஒரு துலாக்கோல் தற்செயலாகவேனும் அமைந்துவிட்டது.

அதனைப் பொறுத்தாரா ஆட்சியாளர்? இல்லை. மேலவையிலிருந்து ஆளுங் கூட்டணியினர் இருவரைக் கூடுதலாகச் சேர்த்துக் குழுவைப் பதினொருவர் ஆக்கினர். ஆளும் பக்கம் அறுவர், பிறர் ஐவர். ஆய்வெல்லையை வரையறுக்க அரசுக்குப் பெரும்பான்மை வேண்டும் என்பது தலைமையமைச்சர் என்டா கென்னி காட்டிய கரணியம். கட்சி சாராத உறுப்பினர் இசுடீபன் தொன்னலி இதனைக் கண்டித்துக் குழுவிலிருந்து விலகினார்.

இவ்விடத்தில் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். உறுப்பினர் அனைவரும் தத்தம் மனச்சான்றின்படி நடப்பர், கட்சிக் கொறடாவின் ஆணைக்கு ஆட்படார் எனின், பெரும்பான்மை எதற்கு? பெரும்பான்மை வேண்டும் எனின், மனச்சான்று எங்கே? இரண்டும் ஒருசேர நில்லா. உண்மையைத் தேடுவோன் எண்ணிக்கையைத் தேடான்; எண்ணிக்கையைத் தேடுவோன் ஏற்கெனவே ஒரு முடிவைத் தேடிவிட்டான்.

"2014-இல் ஆண்டவர் 2008-இல் ஆண்டவர் அல்லரே! பழைய ஆட்சியின் குற்றத்தைப் புதிய ஆட்சி உசாவுவதில் என்ன தீங்கு?" என்பார் உளர். இங்கேதான் கண்ணி இருக்கின்றது. புதிய கூட்டணியின் பெரிய கட்சி, 2008-இல் எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்து அப்பிணைச் சட்டத்திற்கு இசைந்து வாக்களித்த கட்சி; சிறிய கட்சியோ எதிர்த்து வாக்களித்தது. பழைய ஆளுங்கட்சியினர் இருவர் அதே குழுவில் இருந்தனர். 2016-இல் பொதுத்தேர்தல் வரவேண்டும். பழைய தலைவர்கள் வாரக்கணக்கில் மக்கள் முன் நிறுத்தப்படுவது எவர்க்கு வாக்காகும் என்பதைச் சிறுபிள்ளையும் அறியும். ஆகவே, அக்குழுவில் வழக்கோடு தொடர்பற்ற கட்சி அரிதினும் அரிது. அத்தகைய அவையில் ஒரு பக்கத்திற்கு மட்டும் பெரும்பான்மையை உறுதி செய்வது, வாய்க்கால் வழக்கில் ஒரு வயற்காரனுக்கு இரண்டு வாக்குக் கொடுப்பதாகும்.

குழுவினர் உழைக்கவில்லை என்று கூறுவது முறையாகாது. கீரன் இலிஞ்சு தலைமையில் 2014 திசம்பர் முதல் 2015 செப்டம்பர் வரை வெளிப்படையான அமர்வுகள் நடந்தன. முன்னாள் தலைமையமைச்சர்கள் முதல் வைப்பகத் தலைவர்கள் வரை நூற்றுக்கு மேற்பட்டோர் விடையளித்தனர். அவையனைத்தும் பதிவாயின. இஃது அம்மக்கள் பெற்ற பெரும்பேறு. ஆயினும் காலந்தாழ்ந்த உசாவல், கையொடிந்த உசாவல் ஆயிற்று. பிணை முடிவில் முதன்மையான பங்கு கொண்ட பொருளமைச்சர் இலெனிகன் 2011-இலேயே இறந்துவிட்டார். அமெரிக்காவில் இருந்த ஆங்கிலோ ஐரிசு வைப்பகத்தின் முன்னாள் தலைமை அலுவலரை, அவர்மீதுள்ள குற்ற வழக்குக்கு ஊறு நேரும் என்ற எச்சரிக்கையால், குழு காணொளி வழியே உசாவாமல் விட்டது. அது முறையே, 2018-இல் முறைமன்றம் அவரைக் குற்றவாளி எனக் கண்டு ஆறாண்டுச் சிறை விதித்தது. ஐரோப்பிய நடுவண் வைப்பகத்தின் முன்னாள் தலைவர் திரிசே சான்றாளர் இருக்கையில் அமர மறுத்தார். 2015 ஏப்பிரல் 30-ஆம் நாள் தப்ளினில் வேறோர் அமைப்பு நடத்திய கூட்டத்திற்குப் பேச வந்து, அங்கே பார்வையாளராய் அமர்ந்திருந்த குழுவினரின் வினாக்களுக்கு விடையளித்துச் சென்றார். ஒரு நாட்டின் நாடாளுமன்றம் வினாக் கேட்பதற்கு ஒரு கூட்டத்தில் இருக்கை தேடி அமர வேண்டியிருந்தது!

2016 சனவரி 27-ஆம் நாள் அறிக்கை வெளியாயிற்று. வைப்பகத்தாரின் பேராசையும், மேற்பார்வையாளரின் மென்போக்கும், அரசின் அசட்டையும் அதில் எடுத்துரைக்கப்பட்டன. முதன்மைக் கடன்முறி வைத்திருந்தோர் இழப்பை ஏற்க விடாமல் ஐரோப்பிய நடுவண் வைப்பகம் கொண்ட நிலை, வைப்பகங்களின் பெருங்கடன் முறையின்றிக் குடிமக்கள் தலையில் விழத் துணை செய்தது என்றும் அது கூறியது. நல்ல முடிவுகளே. ஆனால், பதினொருவருள் இருவர் அதற்கு ஒப்பமிட மறுத்தனர். ஒரு கிழமையில் கீழவை கலைந்தது. நாடு தேர்தற் களத்திற்குள் புகுந்தது. ஏழாண்டுக்கு மேல் காத்திருந்த மக்கள் அறிக்கையைப் புரட்டி முடிக்குமுன் வாக்குக் கேட்போர் வாயிலில் வந்து நின்றனர்.

வேறு வழியே இல்லையோ? இருந்தது. அதே 2008-இல் ஐசுலாந்தின் மூன்று பெரு வைப்பகங்களும் சரிந்தன. அந்நாட்டு நாடாளுமன்றம் அவ்வாண்டு திசம்பரிலேயே சட்டம் இயற்றி மூவர் ஆணையம் அமைத்தது. ஒருவர் உச்ச முறைமன்ற நடுவர். ஒருவர் நாடாளுமன்றக் குறைகேள் அலுவலர். ஒருவர் பொருளியல் அறிஞர். கட்சியினர் ஒருவரும் இல்லை. வைப்பகக் கமுக்கம் என்னும் திரையை விலக்கி ஆவணம் கேட்கும் ஆற்றல் அவர்க்கு அளிக்கப்பட்டது. 2010 ஏப்பிரலில் பல தொகுதிகளாக அறிக்கை வந்தது. அமைச்சர் மூவர், நடுவண் வைப்பகத் தலைவர் மூவர், மேற்பார்வைத் துறைத் தலைவர் ஒருவர் என எழுவர் கடமையில் தவறியதை அது பெயர் சுட்டிக் கூறியது. தலைநகர் நாடக அரங்கில் அவ்வறிக்கை முழுதும் மக்கள் கேட்க உரக்கப் படிக்கப்பட்டது.

அங்கேயும் ஒரு படிப்பினை உண்டு. எவரெவர் மீது வழக்குத் தொடர்வது என்னும் முடிவு நாடாளுமன்ற உறுப்பினர் கைக்கு வந்தபோது, முன்னாள் தலைமையமைச்சர் ஒருவரை மட்டும் 33-க்கு 30 என்ற வாக்கில் அனுப்பிவிட்டுப் பிற அமைச்சரை விடுவித்தனர். அவரும் 2012-இல் ஒரு குற்றச்சாட்டில் மட்டும் குற்றவாளி எனப்பட்டார்; தண்டனை இல்லை. கட்சி சாராதார் கண்டது எழுவர் தவறு. கட்சியினர் வாக்கெடுத்துக் கண்டது ஒருவர் தவறு! இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேறு எது?

அமெரிக்காவில் 1932-இல் மேலவைக் குழு தொடங்கிய வைப்பக உசாவல் முதலில் தள்ளாடியது. 1933 சனவரியில் குழுத்தலைவர் மாற்றுக் கட்சியைச் சேர்ந்த வழக்கறிஞர் பெக்கோராவை வினவும் பொறுப்பில் அமர்த்தினார். உறுப்பினர் பேச்சு நின்றது. ஆவணம் பேசத் தொடங்கியது. மார்கன் வைப்பகத்தின் பங்காளிகள் 1931, 1932 ஆண்டுகளில் வருவாய் வரியே செலுத்தவில்லை என்பது வெளிப்பட்டது. வைப்புப் பணத்தைப் பங்குச் சூதாட்டத்திலிருந்து பிரிக்கும் சட்டம் அவ்வாண்டே பிறந்தது. எதிர்க்கட்சியான் கையில் விளக்கைக் கொடுத்தமையால் அங்கு இருள் விலகியது.

இந்திய நாடாளுமன்றத்தின் வழக்கமும் அயர்லாந்தின் வழக்கமே. வைப்பகப் பணம் பங்குச் சந்தைக்குள் பாய்ந்த ஊழலை உசாவ 1992-இலும், பங்குச் சந்தை ஊழலுக்காக 2001-இலும், அலைக்கற்றை ஊழலுக்காக 2011-இலும் கூட்டுக் குழுக்கள் அமைந்தன. மூன்றிலும் தலைவர் அன்றன்றைய ஆளுங்கட்சியினர். ஆட்சி மாறியது, அந்த இருக்கையின் நிறம் மட்டும் ஆட்சியோடு சேர்ந்தே மாறியது. தமிழகத்து உழவரும் சிறுவணிகரும் வைப்பு வைத்துள்ள வைப்பகங்களின் கணக்கும் அத்தகைய குழுவின் முன்னேதான் நாளை செல்லும்.

பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடவோலையில் இடலாகாது என்கின்றது; அவனுக்கு உற்றார் பெயரையும் இடலாகாது என்கின்றது. அது குறிப்பிட்ட ஒரு வகுப்பார்க்கே உரிய ஊரவை. குறைகள் பல உடையது. ஆயினும், கணக்குத் தர வேண்டியவனும் அவனைச் சார்ந்தவனும் கணக்குக் கேட்கும் இடத்தில் அமர்தல் ஆகாது என்னும் நெறியை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே கல்லில் வெட்டி வைத்தது. கல்லில் இருப்பது இன்றைய சட்ட நூல்களில் ஏன் இல்லை?

எனவே, நடுவுநிலையுள்ள உசாவலுக்கு இன்றியமையாதவை ஐந்து. ஒன்று, குழுவில் எந்தப் பக்கத்திற்கும் பெரும்பான்மை இராமையும், தலைவர் ஆளுங்கட்சியினர் அல்லாமையும் சட்டத்தில் உறுதியாதல் வேண்டும். இரண்டு, நெருக்கடி நிகழ்ந்த ஓராண்டுக்குள் உசாவல் தொடங்க வேண்டும். அவை கலைந்தாலும் அது கலையலாகாது. மூன்று, ஆவணம் கேட்கும் ஆற்றலுக்குக் கமுக்கம் தடையாகலாகாது. நான்கு, சுட்டப்படுவோன் மறுமொழி கூறும் உரிமையும், குற்ற வழக்கின் தூய்மையும் காக்கப்பட வேண்டும். எதிரிக்கு நயன்மை மறுக்கும் உசாவல் இறுதியில் எதிரிக்கே துணையாகும். ஐந்து, வினவும் பொறுப்பு வாக்கு வேட்டையாடாத சட்ட வல்லுநரிடம் இருக்க வேண்டும். விடை மக்கள் முன் வெளிப்படையாக ஒலிக்க வேண்டும்.

"பெரும்பான்மை மக்கள் தந்ததன்றோ? அதனைக் குழுவில் மறுப்பது குடியாட்சிக்குப் பகையன்றோ?" எனச் சிலர் சட்டம் பேசுவர். மக்கள் பெரும்பான்மை தந்தது ஆள்வதற்கு; தன்னைத் தானே மன்னிப்பதற்கும் அன்று, தோற்றவனைத் தானே தண்டிப்பதற்கும் அன்று. சிலம்பை உடைத்துப் பரலைக் கண்ட அவையில் பாண்டியன் எண்ணிக்கை கேட்கவில்லை. பரல் சான்றாயிற்று, அரசன் தன் பிழையைத் தானே ஏற்றான். அரசனுக்கு இருந்த அந்நாணம் அரசுகளுக்கு இல்லையெனின், அதனைச் சட்டத்தால் ஊட்டுவது மக்கள் கடன்.

வைப்பகம் சரிந்தால் மீண்டும் எழுப்பலாம். இழந்த பணத்தை உழைத்து ஈட்டலாம். கணக்குக் கேட்கும் இருக்கை ஒருமுறை சாய்ந்துவிட்டால், அடுத்த சரிவுக்கு அன்றே கால்கோள் இடப்பட்டுவிடும். ஆகவே, எந்நாட்டிலாயினும் எக்காலத்தாயினும் உசாவற் குழு என்னும் அறிவிப்பு வந்தவுடன், என்ன உசாவுவர் என்று கேட்பதற்கு முன், நடுவர் இருக்கையை நிரப்புவது யார் என்று கேட்க! அவ்வினாவுக்கு நேரிய விடை வாராத இடத்தில் உசாவல் இல்லை; நாடகமே உண்டு.